மச்சான் தட்டிப் பார்த்த கூரை

இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் பல்லெல்லாம் கொட்டிப்போகட்டும். பல்தான் ஏற்கெனவே இல்லையே என்பவர்களுக்கு: அது போன கதைக்குக் கொட்டியது.

எங்கள் ஊர்ச் சுரங்கத்தை மூடியபின், ஊரே சேர்ந்து பெரியவர்களுக்கு ஒரு தையல் வகுப்பு தொடங்கினோம். தொழிலாளிகள் முன்பு குளித்து உடை மாற்றிய கூடம் சும்மா கிடந்தது. வீடு வீடாகப் போய்ப் பழைய மெஷின்களைக் கேட்டு வாங்கி, எண்ணெய் விட்டு, அங்கே வரிசையாகப் போட்டோம். சொல்லிக்கொடுத்தது என் தங்கச்சி. பாறை உடைத்த கைகள் ஊசியில் நூல் கோப்பதற்குள், காலையில் சவரம் செய்துகொண்டு வந்தவனுக்குத் தாடி முளைத்துவிடும். சுரங்கத்தில் வெடி வைத்துக்கொண்டிருந்த வெடிகாரர், மெஷினை மிதிக்கும் முன்னால் எழுந்து நின்று, "எல்லாரும் ஒதுங்கு!" என்று கத்துவார். நாங்களும் மேஜைக்கு அடியில் ஒதுங்குவோம். அப்புறம் உட்கார்ந்து சட்டைப் பையில் நாலு தையல் போடுவார்.

இவர்களையெல்லாம் சமாளித்துவிட்ட தங்கச்சியால் தன் புருஷனைத்தான் சமாளிக்க முடியவில்லை. எனக்கு மச்சான். சுரங்கத்துக்குள் இறங்கியதும் கூரையைக் கம்பால் தட்டிக் காதைக் கொடுப்பது அவர் வேலை. கணீர் என்றால் பாறை கெட்டி. பொத் என்றால் முட்டுக் கொடுத்த பிறகுதான் அடுத்த அடி. சுரங்கம் போயிற்று, கம்பு போகவில்லை. பஸ்ஸில் ஏறினாலும் கூரையைத் தட்டுவார். கண்டக்டர் தட்டுகிறார் என்று டிரைவர் வண்டியை நிறுத்துவார். நின்ற வண்டியிலிருந்து இறங்குவதுதான் முறை என்று மச்சானும் இறங்கிவிடுவார்.

இந்த நிலையில், திங்கட்கிழமை கூடத்தைப் பார்க்க வருவதாக ஓர் அதிகாரி சொல்லி அனுப்பினார். வகுப்புக்கு லாயக்கு என்று தோன்றினால் கூடம் எங்களுக்கு. இல்லாவிட்டால் சிமெண்டு மூட்டை அடுக்கிப் பூட்டிவிடுவார்கள். பக்கத்தில் புதிதாக வந்த சட்டைக் கம்பெனி, எங்களிடம் தைக்கக் கற்றவர்களுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. கூடம் போனால் அத்தனையும் போகும். தங்கச்சிக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

"என்னங்க, திங்கட்கிழமை மட்டும் அந்தக் கம்பை வீட்ல வச்சிட்டு வாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கம்பு இல்லாம எப்படி உள்ள வர்றது? தலையில விழுந்தா?"

"இத்தனை நாள் விழாதது அன்னைக்கா விழும்?"

"இத்தனை நாளும் நான் தட்டினேன்ல? அதான் விழல."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை, மச்சான் வழக்கமாகத் தட்டும் இடத்தை விட்டு, மரியாதைக்காக அதிகாரிக்கென்று போட்டிருந்த நாற்காலிக்கு நேர் மேலே தட்டினார். பொத்.

கத்தரிக்கோல்களைக் கீழே வைத்துவிட்டு அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டோம். பொத் என்ற கூரைக்குக் கீழே எங்கள் ஊர்க்காரன் எவனும் உட்கார மாட்டான்.

"அடப்பாவிகளா, அது பாறை இல்ல, பலகை!" என்று வாசலில் நின்று கத்தினாள் தங்கச்சி. "பலகையைத் தட்டினா பொத்துன்னுதான் கேக்கும்!"

"பொத்துன்னா பொத்துதான்மா," என்றார் வெடிகாரர்.

"அண்ணே, நீயாவது உள்ள வாயேன்!"

"வர்றேம்மா. முதல்ல முட்டுக் கொடுக்கட்டும்."

பின்னால் கிடந்த கட்டைகளைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தோம். கட்டைக்குக் கட்டை ஆப்பு இறக்கினோம். மச்சான் தட்டினார். பொத். இன்னும் ஆப்பு. அப்போதும் பொத். விடுவோமா? அடித்த அடியில் கூரை சுவரை விட்டு ஒரு விரல் எழும்பியது. "நல்ல காத்தோட்டம்," என்றார் வெடிகாரர். ஒரு முழம் எழும்பியபோது ஒரு புறா இந்தப் பக்கம் நுழைந்து, எங்கள் தையலைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போய்விட்டது. மச்சான் கடைசி ஆப்பை இறக்கியபோது பலமாக ஒரு காற்று வீசியது. கூரை முட்டுகளோடு கிளம்பி, சுவரைத் தாண்டி, பக்கத்துக் காலி மனையில் போய் நின்றது. ஒரு முட்டுகூடச் சாயவில்லை. நாங்கள் அடித்த ஆப்பு அப்படி.

மச்சான் அங்கே போய்த் தட்டினார். கணீர்.

"இப்ப உள்ள வரலாம்," என்றார்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்து இறங்கினார். அங்கே ஒரு முறை பார்த்தார், இங்கே ஒரு முறை பார்த்தார்.

"கூடம் எங்கம்மா?"

"சுவர் இங்க இருக்கு சார். கூரை அங்க இருக்கு."

"அப்ப ரெண்டு கூடமா?"

தங்கச்சி கண்ணைக்கூட இமைக்காமல், "ஆமா சார், ரெண்டு," என்றாள்.

"ஒருத்தருக்கே ரெண்டு எதுக்கு? இந்தச் சுவருக்குள்ள சிமெண்டு அடுக்கிக்கிறோம்."

"மேல கூரை இல்ல சார். மழை பெஞ்சா மூட்டை கல்லாயிடும்."

"அப்ப கூரைக்கு அடியில?"

"சுத்தி சுவர் இல்ல சார். விடியறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"எதுக்கும் உதவாத கூடம். நீங்களே வச்சுக்குங்க, ரெண்டையும்," என்று சொல்லிவிட்டு அதிகாரி வண்டியேறினார். தங்கச்சி மச்சானை முறைத்தாள். முறைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். அன்றைக்கு இரண்டு பேர் சோற்றை ஒருத்தியே சாப்பிட்டாள்.

மழை பெய்தால் கூரைக் கூடத்திலும், காற்றடித்தால் சுவர்க் கூடத்திலும் வகுப்பு நடக்கிறது. வெடிகாரர் சட்டைக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அவர் மிதிக்கும் முன்னால் கம்பெனியே ஒதுங்கி நிற்கிறது. சுவர்க் கூடத்தில் தட்ட ஒன்றும் இல்லாததால் மச்சானுக்கு மட்டும் அங்கே கை ஓடுவதில்லை.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று: எங்கள் ஊரில் இருந்தது திறந்தவெளிச் சுரங்கம். வேலை பார்த்த காலமெல்லாம் எங்கள் தலைக்கு மேலே வானம்தான் இருந்தது.