கர்த்தருக்கு முதல் உறை

...பதினொன்று டாக்டர் அறைக்குள்ளே போயாகிவிட்டது, இன்னும் மூன்று பேர், அப்புறம் நான், டோக்கன் வேர்வையில் நைந்து பதினைந்தா பதினாறா என்றுகூடத் தெரியவில்லை, அக்காவிடம் கேட்டால் இது நான்காவது முறை, கேட்கக் கூடாது. தொட்டால் நகர்கிற கட்டியென்றால் பயமில்லை என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன், என் மார்பில் இருப்பது நகரவில்லை, மிளகளவு, இல்லை, அன்றைக்குத்தான் மிளகு, இன்றைக்குக் கொண்டைக்கடலை... கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக லென்ஸ் விளிம்பைத் தேய்க்கிற விரல்கள் இவை, மயிரிழை மேடு இருந்தாலும் கண்டுபிடித்துவிடும், இந்த ஒருமுறையாவது தப்பாகச் சொல்லக் கூடாதா?

ஆறு வாரம். அக்காவுக்குத் தெரிந்ததே முந்தாநாள்தான். "எதுக்குடி இவ்வளவு நாள் தள்ளிப்போட்ட?" சம்பளம் வந்ததும் நான் உறை உறையாகப் பிரிக்கிற வரிசை அவளுக்குத் தெரியாததா, கர்த்தருக்கு முதல் உறை, அப்புறம் வாடகை, மகள் படிப்பு, மிச்சம் இருந்தால் நான், நேரமும் அப்படித்தான், செவ்வாய் ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாசம், சனிக்கிழமை நோயாளிகளைப் பார்க்கப் போவது... ஸ்கேனுக்கு எந்தக் கிழமையில் இடமிருந்தது, எந்த உறையில் பணமிருந்தது, முதல் உறையைத் தவிர? அதில் கைவைக்க மாட்டேன் என்றேன், சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அக்கா விடுகிற ஆளா, நேராகப் போதகரிடம் போய்விட்டாள். அவர் சாயங்காலமே வந்து, உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே, "இந்த மாசம் உங்க உறை வேணாம்மா. அந்தப் பணத்துல போய் டாக்டரைப் பாருங்க. கர்த்தர் உங்க உயிரையா காணிக்கை கேட்டாரு?" என்றார். நிம்மதி வந்திருக்க வேண்டும் அல்லவா, எனக்கோ பயம்தான் வந்தது, இனிச் சொல்ல ஒரு சாக்கும் இல்லையே என்று... சாக்கா? அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? அப்படியென்றால் இத்தனை வருடம் கொடுத்ததெல்லாம்? இல்லை, அதெல்லாம் மனதாரக் கொடுத்ததுதான், இந்த ஆறு வாரம் மட்டும்... பன்னிரண்டையும் பதின்மூன்றையும் சேர்த்தே கூப்பிடுகிறார்கள், ஏன் இவ்வளவு அவசரம், மெதுவாகப் பார்த்தால் என்ன?

"பயமா இருந்தா ஜெபம் பண்ணுடி," என்கிறாள் அக்கா, ஜெபத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம், அவளே சொல்கிறாள். பதினான்கும் உள்ளே போயாகிவிட்டது, கண்ணை மூடினேன். ஆறு செவ்வாய், ஆறு வெள்ளி. அடுத்த தெரு டெய்லரின் சிறுநீரகத்துக்காக அழுது ஜெபித்தேன், போதகருடைய மாமியாரின் மூட்டுவலிக்காக, மகளின் பரீட்சைக்காக... இதை மட்டும் ஒரு தடவைகூடக் கர்த்தரிடம் சொல்லவில்லை. ஒரு தடவைகூட. சொன்னால் பதில் வந்துவிடுமே என்றா? "பதினஞ்சு யாருங்க?" நர்ஸின் குரல், அக்கா என் முழங்கையைத் தொடுகிறாள், எழுந்துவிட்டேன், கண்ணை மட்டும் இன்னும் திறக்கவில்லை, ஆண்டவரே, எனக்கு... எங்கிருந்து தொடங்குவது, யார் யாருக்காகவோ இத்தனை பேசிய வாய், எனக்கென்று கேட்க ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு நிற்கிறது.