வாசல் இருந்த பக்கம்

கொத்தனார் முன்வாசலுக்கு வெளியே நூல் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், தையல்காரம்மா பின்பக்கம் போய் அடுப்படிக் கதவின் அகலத்தை அளந்தாள். கழுத்தில் எப்போதும் தொங்குகிற நாடாதான். அது போதாதென்று ஒரு நிலைக்காலில் தோளை ஒட்டி நின்று மறு நிலைக்கால்வரை கையை நீட்டியும் பார்த்தாள். முழங்கையை மடக்காமல் நீட்ட முடியவில்லை.

இந்த ஊர் வீடுகளுக்கு முகம் தண்ணீரைப் பார்த்து இருக்கும். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து, அதன் இரண்டு கரையிலும் குடியேறியவர்கள் கட்டியவை. மரம், உப்பு, ஓடு, வைத்தியர், கல்யாணப் பெண் எல்லாமே படகில் வந்து இறங்கிய காலம் அது. அதனால் வாய்க்கால் பக்கம் மூட்டை தூக்குகிறவன் தாராளமாக நுழைகிற கதவு. பின்னால் சந்துப் பக்கம் சாம்பல் கொட்டப் போய்வர ஓர் இடுக்கு, அவ்வளவுதான். பிறகு பாலம் வந்தது, லாரி வந்தது. ஆற்றை மேலேயே மறித்து வேறு ஊர்களுக்குத் திருப்பினார்கள். வாய்க்காலில் சாக்கடை மட்டும் நேரம் தவறாமல் வந்தது. சாம்பல் கொட்டிய சந்து பஸ் போகிற தெருவாகிவிட்டது. ஊர் திரும்பி உட்கார்ந்துகொண்டது. வீடுகளால் அப்படித் திரும்ப முடியுமா, சொல்லுங்கள். எவ்வளவு பெரிய விருந்தாளியானாலும் இங்கே கழுவாத பாத்திரங்களைத் தாண்டித்தான் கூடத்துக்கு வர வேண்டும்.

இப்போது வாய்க்கால் ஓரமாக நகராட்சி மதில் எழுப்புகிறது. நாற்றம், கொசு, வெள்ளம் மூன்றுக்கும் ஒரே மருந்து. பொய் சொல்வானேன், தையல்காரம்மாவுக்கு அது வேண்டித்தான் இருந்தது. மழைக்கு மழை சேறு வழித்து அவள் இடுப்பு விட்டுப் போயிருந்தது. கவலை ஒன்றே ஒன்றுதான். போன மாதம் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தபோது, ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு அடுப்படிக் கதவில் முட்டி நின்றார்கள். கடைசியில் அவரை முன்வாசல் வழியாக எடுத்து, கரைத்திட்டின் மேலேயே பாலம்வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தத் திட்டின் மேல்தான் மதில் வருகிறது.

"இந்தக் கதவை இடிச்சு அகலமாக்க முடியாதாப்பா?"

கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "கை வச்சா மாடி உக்காந்துடும்க்கா. பழைய சுண்ணாம்பு. மேல இருக்கறதெல்லாம் இதோட தயவுலதான் நிக்குது."

"அப்ப இவருக்கு ஒண்ணுன்னா?"

கொத்தனார் கூடத்துக் கட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாற்காலியில உக்கார வச்சுத் தூக்கிடலாம்க்கா."

"உக்கார முடிஞ்சா."

அவர் நூலைப் பார்க்கப் போனார்.

கட்டில் முன்வாசலை ஒட்டிக் கிடந்தது. அதில் படுத்திருப்பவர் இந்த வாய்க்காலில் சரக்குப் படகு ஓட்டியவர். கடைசிப் படகு நின்ற பிறகும் அந்தக் கதவை மூட விட்டதில்லை. அவள் குனிந்து அவர் தோளில் நாடாவை வைத்தாள்.

"கையைத் தளர்த்துங்க. சட்டை தைக்கணும்."

"புதுசு எதுக்கு? பழசே என்னைவிடத் தெம்பா இருக்கு."

"காலர் கிழிஞ்சிருக்கு."

அவர் அளக்க விட்டார். நாடா ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போய்ச் சேர்ந்ததும் கேட்டார்: "சட்டைக்கு எதுக்குடி அடுப்படிக் கதவை அளந்தே?"

கட்டிலிலிருந்து பார்த்தால் பின்கதவு நேர்கோட்டில் தெரியும். அதை அவள் யோசிக்கவே இல்லை. நாடாவை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

"என்ன, இடிக்குதா?"

"நீங்க இடிக்கல. தூக்கறவங்க கை இடிக்கும்."

"அடிப்பாவி! சரக்கு ஏத்தற மாதிரியே கணக்குப் பாத்திருக்கியே." சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கறுத்த தண்ணீருக்கு முன்னால் கொத்தனாரின் நூல் விறைத்து நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எழுப்பி விடு என்னை."

"எதுக்கு?"

"கால் சொன்னபடி கேக்கும்போதே அந்தப் பக்கம் போயிடறேன். அப்புறம் யாரு கையும் இடிக்க வேணாம்."

"நாளைக்குப் போலாமே. உலை வச்சிருக்கேன்."

"சுவரு நாளைவரைக்கும் காத்திருக்குமா?"

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்தார். அடுப்படியில் நின்று மூச்சு வாங்கினார். புகையேறிய கூரையை, அவள் குனிந்து குனிந்து தேய்ந்த தரையை, ஏதோ பக்கத்து வீட்டுக்கு வந்தவர் போலப் பார்த்தார். "இவ்வளவு இருட்டா இது?" என்றார். கதவில் இருவரும் சேர்ந்து நுழைய முடியாமல் அவள் பின்தங்கினாள். அவர் நிலையைப் பிடித்து, ஒருக்களித்து, தானாகவே வெளியே வந்தார். தெருவோரம் கிடந்த தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அவள் முக்காலியில் உட்கார்ந்தார்.

பின்னால் கொத்தனாரின் கரணை செங்கல்லைத் தட்டும் சத்தம் கேட்டது. உலை மூடி துள்ளத் தொடங்கியது. அடுப்பைத் தணிக்கப் போகாமல் அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

அப்போது தெருமுனையில் மினி பஸ் திரும்பியது. வாய்க்கால் குறுகுகிற இடத்தில் எதிரே படகு வந்தால் அந்தக் காலப் படகுக்காரர்கள் கையைத் தூக்குவார்கள். நீ முதலில் போ என்று அர்த்தம். யோசிக்காமலே அவர் கை உயர்ந்தது.

பஸ் அவர் எதிரே வந்து நின்றது. கதவு திறந்தது.

"ஏறுங்க பெரியவரே, எங்க போகணும்?" என்றார் கண்டக்டர்.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். இல்லை, போகச் சொல்லுங்கள் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அவள் கண் அதற்குள் பஸ் கதவை அளந்துவிட்டிருந்தது. தாராளமாக இருந்தது. இன்ஜின் நடுங்கிக்கொண்டே நிற்க, ஜன்னல்களிலிருந்து முகங்கள் எட்டிப் பார்க்க, அவர் தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை.