எட்டு ஈய முத்திரைகள்

ஆஸ்பத்திரித் தராசு தொண்ணூற்றிரண்டு என்றது. அதில் ஏறி நின்ற தராசுக்காரர் செருப்பைக் கழற்றியிருந்தார், சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார், மூச்சைக்கூட வெளியே விட்டிருந்தார். அப்படியும் தொண்ணூற்றிரண்டுதான்.

"இது தப்பும்மா," என்றார் இறங்காமலே.

உணவு ஆலோசகர் என்று கதவில் எழுதியிருந்த அறையின் பெண், அவருடைய பழைய கோப்பைப் புரட்டினாள். எட்டு வருடத்துக்கு முன்னால் நூற்று நாற்பத்திரண்டு கிலோவோடு வந்து, வயிற்றைச் சின்னக் கிண்ணமளவுக்குச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். கடைசியாக வந்தபோது எண்பத்து நான்கு. அதற்குப் பிறகு இரண்டு வருடமாக ஆளையே காணோம்.

"வருஷம் தவறாம வரச் சொன்னோமே ஐயா."

"எதுக்கு வரணும்? வீட்டுலயே தராசு இருக்கு. நானே செஞ்சது. திங்கக்கிழமை திங்கக்கிழமை ஏறிப் பாக்குறேன். எண்பத்தி நாலு. ஒரு பொட்டு கூடல."

"எட்டு வருஷத்துல கொஞ்சம் ஏறுறது நிறையப் பேருக்கு நடக்குறதுதான். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. என்ன சாப்பிடுறீங்க, எப்ப சாப்பிடுறீங்கன்னு ஒரு நோட்டுல உண்மையா எழுதுங்க. மூணு வேளையும் தவறாம சாப்பிடுங்க. பட்டினி மட்டும் கிடக்காதீங்க."

"ஏறுனாத்தானே இதெல்லாம்? கோளாறு உங்க மெஷின்ல. நாளைக்கு எடைக்கல்லோட வரேன். உங்களது சரின்னு ஆச்சுன்னா, நீங்க சொல்றத மறுபேச்சு பேசாம செய்யிறேன். இது என் வாக்கு."

அவர் குடும்பத்தில் வாக்கு என்பது வாயால் போடுகிற முத்திரை. தாத்தா காலத்திலிருந்து தராசு செய்வதும், பழுது பார்ப்பதும், சரி பார்த்து ஈய முத்திரை வைப்பதும்தான் அவர்கள் தொழில். சந்தையில் வாய்ச்சண்டை கைகலப்பாகும்போதெல்லாம், "அவங்க வீட்டுக் கல்லக் கொண்டாங்கப்பா" என்று யாராவது ஒருவர் சொல்வார். கல் வந்ததும் இரண்டு தரப்பும் வாயை மூடிக்கொள்ளும். அந்தப் பெயரை மூன்று தலைமுறையாகக் கீழே விழாமல் தாங்கி வந்திருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டின் மூத்த பிள்ளை, தன் வாயைத் தானே கட்ட முடியாமல் கத்தி வைத்துக்கொண்டார் என்று வெளியில் தெரிந்தால் என்ன ஆவது? அதனால்தான் அறுவை சிகிச்சையைப் பற்றி மனைவியைத் தவிர யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. வேலையாக வெளியூர் போய்விட்டு மூன்று வாரம் கழித்து வந்ததாகக் கதை. பிறகு தினமும் விடிகாலையில் நடந்தார். நடந்தே இளைத்தார் என்று ஊர் பேசிக்கொண்டது. அவரும் மறுக்கவில்லை.

மறுநாள் காலை, இருபது கிலோ எடைக்கற்கள் ஐந்தையும் கடை வேனில் ஏற்றினான் தம்பி. அவனுக்கும் ஐம்பத்தைந்து வயதாகிறது, வாய் மட்டும் இன்னும் குறையவில்லை.

"ஆஸ்பத்திரி ஆர்டர் எப்பண்ணே வந்துச்சு? சொல்லவே இல்ல."

"எல்லாத்தையும் உங்கிட்ட ஒப்பிக்கணுமா? ஓட்டு."

உள்ளே கற்களைச் சுமந்து வந்த தம்பி, சுவரில் மாட்டியிருந்த வயிற்றுப் படத்தை ஒரு நொடி பார்த்தான். பிறகு குனிந்து கல்லை இறக்கினான். உணவு ஆலோசகரும் தராசுக்காரரின் கோப்பைத் திறக்கவில்லை. யாரோ மெக்கானிக் வந்திருப்பதுபோல ஓரமாக நின்றாள். மனசுக்குள் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

ஒரு கல். இருபது. இரண்டு. நாற்பது. ஐந்தையும் அடுக்கியபோது மெஷின் நூறு காட்டியது. இடம் மாற்றி வைத்தார், நான்கு மூலையிலும் வைத்தார். நூறு, நூறு, நூறு.

"தங்கமான மெஷினுண்ணே," என்றான் தம்பி. "இதுக்கா நம்மளக் கூப்பிட்டாங்க?"

தராசுக்காரர் துணியை எடுத்துக் கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைக்கத் தேவையே இல்லை. முகத்தை நிமிர்த்தாமல் இருக்க அது ஒரு வேலை.

"வீட்டுத் தராசையும் ஒரு தடவ பாத்துடுங்க ஐயா," என்றாள் அவள், மெதுவாக.

கடைக்குப் போகாமல் வேனை வீட்டுக்கு விடச் சொன்னார். கற்களைப் பின்னறையில் இறக்கிவிட்டுத் தம்பி ஒரு வார்த்தை பேசாமல் போனான். அவன் பேசாமல் போனதே உறுத்தியது.

தராசு சுவரோரம் நின்றது. ஏறி நிற்க இரும்புப் பலகை, இடுப்புயரத்தில் பித்தளைக் கோல், கோலின் நுனியில் தொங்குகிற ஒரு கல், மிச்சத்துக்கு நகர்த்துகிற குண்டு. தொங்குகிற கல்லில் ஐம்பது என்று பொறித்திருக்கும், அதோடு குண்டு நிற்கிற இடத்தைக் கூட்டினால் ஆள் எடை. வாரா வாரம் ஏறுவதற்கு முன்னால் கல்லை மாட்டாமல், வெறும் பலகைக்குக் கோல் நேராக நிற்கிறதா என்று பார்ப்பார். எப்போதும் நேராகத்தான் நிற்கும். இன்றும் நின்றது.

ஐந்து கற்களையும் பலகையில் ஏற்றினார். முதுகு பிடித்துக்கொண்டது. ஐம்பதை மாட்டிக் குண்டை நகர்த்தினார். கோல் நேராக நின்றபோது குண்டு நாற்பத்திரண்டில் இருந்தது. நூறு கிலோவை அவருடைய தராசு தொண்ணூற்றிரண்டு என்றது.

நாற்காலியில் உட்கார்ந்தார். இடுப்பில் பெல்ட் அழுத்தியது. பெல்ட்டின் தோல் சுருங்கிவிட்டதென்று போன மாதம்தான் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தார்.

தொங்குகிற கல்லைக் கழற்றினார். அதன் அடியில், எடையைச் சரிக்கட்ட ஈயம் இடுவதற்காக ஒரு சின்னக் குழியும் அதற்குத் திருகு மூடியும் உண்டு. மூடியைத் திருகி உள்ளங்கையில் கவிழ்த்தார். ஈய முத்திரைகள் விழுந்தன. பழைய தராசுகளிலிருந்து வெட்டி எடுத்துக் கடை டப்பாவில் போட்டு வைக்கிறவை. ஒவ்வொன்றிலும் அவர் குடும்பக் குறி. எண்ணினார். எட்டு.

"இந்தாம்மா, கொஞ்சம் இங்க வா."

மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். கையில் இருந்ததைப் பார்த்தாள். தரையில் கற்களைப் பார்த்தாள்.

"யார் வேலை இது?" என்று கேட்டார்.

"என் வேலைதான்."

"மூணு தலைமுறையா இந்த வீட்டுத் தராசு..."

"தராசு பொய் சொல்லல. நான் சொன்னேன். திட்டணும்னா என்னத் திட்டுங்க. தராச விட்டுடுங்க."

"இது எப்படி உனக்குத் தெரியும்?"

"முப்பத்தஞ்சு வருஷமா உங்களோட குப்பை கொட்டியிருக்கேன். ஒண்ணு போட்டா ஒரு கிலோ குறையும்கிறதுகூடவா தெரியாது?"

அவருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. எட்டு வருடமாகத் தின்னும் ஒவ்வொரு வாயையும் இருபது தடவை மெல்கிற களைப்பில் சத்தம் வரவில்லை. "எதுக்கு?" என்றுதான் கேட்க முடிந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிலோ கூடுச்சு. ஞாபகம் இருக்கா? நாலு நாள் வெறும் தண்ணி. அஞ்சாம் நாள் குளியலறையில விழுந்து கிடந்தீங்க. தாழ்ப்பாள உடைச்சுத் தூக்குனோம். அடுத்த திங்கக்கிழமையே ஒண்ணு போட்டேன். அன்னைக்கு ஒரு முட்டை தின்னீங்க. அப்புறம் நீங்க ஏற ஏற நானும் போட்டேன். பாவம்னா எனக்கு இருக்கட்டும், நீங்க சாப்பிட்டா போதும்னு."

"அதுக்குன்னு எட்டு வரைக்குமா?"

"நானா ஏத்துனேன்? கடை இழுப்பறையில பிஸ்கட் டப்பா வெச்சிருக்கீங்களே, அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? துவைக்கிறப்ப சட்டைப் பையெல்லாம் ஒரே தூளு."

ஒரே வேளையில் நிறையச் சாப்பிட்டால்தான் இந்த வயிறு தாங்காது. டீயில் நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் நாள் முழுக்கத் தாங்கும். முதல் இரண்டு வருடம் அது அவருக்குத் தெரியாமல் இருந்தது. தெரிந்த பிறகு விட முடியவில்லை.

"தம்பிக்குச் சந்தேகம் வந்துடுச்சு," என்றார். "ஆஸ்பத்திரியில படத்தப் பாத்துட்டான். இனி மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

மனைவி சிரித்துவிட்டாள். சிரிப்பில் சலிப்புதான் அதிகம்.

"சந்தேகமா? உங்களுக்கு ஆபரேஷன் நடந்தப்ப, வெளிய என் பக்கத்துல ஆறு மணி நேரம் உக்காந்திருந்தது யாருன்னு நினைச்சீங்க? 'எங்க அண்ணன் நடந்தே தேஞ்சாரு'ன்னு கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் முதல்ல சொன்னதே அவர்தான்."

"எட்டு வருஷமாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே!"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருக்காரு."

அவர் கற்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். ஈயம் எடுத்த தொங்கு கல்லை மூடித் திருகி மாட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறினார். குண்டை அவளே நகர்த்தினாள். நாற்பத்திரண்டில் கோல் நேராக நின்றது.

"தொண்ணூத்திரெண்டு," என்றாள். "இப்ப என்ன, மறுபடியும் நாலு நாள் தண்ணியா?"

அதைத்தான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சுலபம். வீம்பு இருந்தால் போதும், வீம்புக்கு அவர் குடும்பத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை. சாப்பிடுவதுதான் கஷ்டம். இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம், ஆயுசு முழுக்கக் கொஞ்சம். ஆனால் வாக்கு கொடுத்தாகிவிட்டது.

"தட்டு வை," என்றார்.

அவித்த முட்டை ஒன்று, இரண்டு கரண்டி பருப்பு. அவருக்குப் பசியில்லை. முதல் வாயை இருபது தடவை மென்றார். அவள் எதிரே உட்கார்ந்தாள், வேறெங்கோ பார்ப்பதுபோல.

தட்டு காலியாக அரைமணி ஆனது. பிறகு ஒரு பழைய நோட்டை எடுத்து வரச் சொன்னார். தேதி போட்டார். முட்டை ஒன்று, பருப்பு இரண்டு கரண்டி என்று எழுதினார். பேனா கொஞ்சம் நின்றது.

நேற்று, பிஸ்கட் நான்கு என்று எழுதினார்.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

நான்கை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார். அப்புறம் தம்பிக்குப் போன் போட்டு, கற்களை எடுத்துப் போக வரச் சொன்னார். "வந்து கொஞ்ச நேரம் உக்காரு," என்றார். "ஒரு விஷயம் சொல்லணும்."

"சரிண்ணே," என்றான் அவன். என்ன விஷயமென்று கேட்கவில்லை.