எல்லா அழைப்பும் செண்பகத்துக்கே

பங்கஜத்தின் இணையப் பக்கத்தில் கடம்பா என்கிற கணவாயின் படத்துக்குக் கீழே ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் செண்பகத்தின் போன் அடித்தது. அந்தப் பக்கம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான் அடித்திருக்கிறது. பங்கஜத்துக்கு அது தெரிந்தது ஒரு நாள் காலையில்தான். கொட்டிவாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஒருவர், "எடுத்து வைக்கிறேன்னு போன்ல சொன்னீங்களேம்மா" என்றார். பங்கஜம் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. அவர் நீட்டிய போனில் இருந்தது அவளுடைய ஓரகத்தி செண்பகத்தின் எண்.

ஊரூர் குப்பத்தில் மீன் விற்கிறவர்கள் ஒரே வரிசையாக உட்காருவார்கள். ஒருத்தி கத்தினால் கடைசி ஆள் வரை கேட்கும். பங்கஜம் கத்தினாள்.

"பக்கத்துலயே குந்திகினு என் கிராக்கிய இஸ்துகினு கீறா பாரு! திருடி!"

செண்பகம் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையின் மறுகோடிக்குப் போய்விட்டாள். அவர்களுடைய புருஷன்மார், அண்ணன் தம்பி, இருவருக்கும் சேர்த்து ஒரே படகு. பொழுது சாய்வதற்குள் அவர்கள் இன்ஜினை விற்றுப் பிரித்துக்கொள்வது பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் தியாகராய நகரில், பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன அலுவலகத்துக்குச் செண்பகம் போன் செய்தாள். எடுத்தது ஆஃப்ரீன். பெசன்ட் நகர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குப்பத்துப் பெண்கள் நேரடியாக மீன் விற்கும் அந்த இணையதளத்தைக் கட்டியவள் அவள்தான்.

"பாப்பா, என் பேர அதுலேந்து எட்த்துடு. எனுக்கு ஒண்ணும் வாணாம்."

"ஏன்க்கா? என்ன ஆச்சு?"

செண்பகம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "எனுக்கு வந்த போன நான் எட்த்தேன். கடம்பா கீதான்னாங்க, கீதுன்னேன். இதுல நான் இன்னா தப்பு பண்ணேன் சொல்லு?" என்று கேட்டாள். ஆஃப்ரீன் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்தாள்.

அவள் பையில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருந்தது. எங்கோ பனி பெய்யும் நாட்டின் கதை. அதில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள். ராயப்பேட்டையிலிருந்து பேருந்தில் வரும்போதெல்லாம் யார் யாரென்று குழம்பி, பின்பக்கம் புரட்டிப் பார்த்துக்கொள்வாள். இங்கே சிக்கல் நேர்மாறாக இருந்தது. எத்தனையோ பேருக்கு ஒரே பெயர்.

தளம் ஆரம்பித்தபோது விற்பவள் செண்பகம் ஒருத்திதான். பெரிய தளத்துக்குள் செருகி வைக்கும் தனித்துண்டுக்கு ப்ளகின் என்று பெயர். மீன் பட்டியலை ஆஃப்ரீன் அப்படி ஒரு ப்ளகினாகத்தான் எழுதினாள். பெயர் என்ன என்று கணினி கேட்டது. வாயில் வந்ததைக் கொடுத்தாள்: செண்பகம். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆனால் அந்த வேலையில் பெயர் வெறும் பெயராக நிற்பதில்லை. கோப்பு வைக்கும் இடத்துக்கும் அதே பெயர், உள்ளே எழுதும் நிரலுக்கும் அதே பெயர், வெளியே போகும் இணைப்பின் முதல் சொல்லும் அதுவே. பெயர் வைத்த இடத்தில் ஒரு வீடு எழும்பிவிடுகிறது.

அப்புறம் பங்கஜமும் மற்றவர்களும் சேர்ந்தார்கள். அவர்களுடைய எண்கள் ப்ளகினுக்கு வெளியே, பெரிய தளத்தில் இருந்தன. மீன் பட்டியல் மட்டும் எல்லோருக்கும் பொது. பட்டியலிலிருந்து 'கூப்பிடு' பக்கத்துக்குப் போ என்று ஆஃப்ரீன் எழுதியிருந்தாள். இந்த வீட்டைவிட்டு வெளியே போய் அந்தப் பக்கத்துக்குப் போ என்று எழுதவில்லை. வீட்டுக்குள்ளேயே செண்பகத்துக்கென்று பழைய 'கூப்பிடு' பக்கம் ஒன்று இருந்ததால், பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. எல்லா அழைப்புகளும் சத்தமில்லாமல் அங்கேயே போய்ச் சேர்ந்தன.

சோதித்துத்தான் பார்த்தாள். ஆனால் சோதனையில் எல்லோருக்கும் தன் சொந்த எண்ணையே போட்டிருந்தாள். யார் பக்கத்தை அழுத்தினாலும் அவள் போன்தான் அடித்தது. சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்து பிரியாணி சாப்பிடப் போனாள்.

ஸ்ரீவத்சன், அலுவலகத்தின் முதலாளி, மயிலாப்பூர்க்காரர், எட்டிப் பார்த்து, அவள் சொன்னதைக் கேட்டார். "'வெளியே'ன்னு ஒரு வார்த்தைதானே? போட்டுடு. பேரையும் மாத்திடு. பழைய லிங்க்ல வர்றவாளைப் புது இடத்துக்கு அனுப்ப மறக்காதே. செண்பகம் லிங்க்கை எத்தனை ஆத்துல ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்காளோ."

"சரி சார். நாளைக்குக் குப்பத்துக்குப் போய்ட்டு வந்துடறேன்."

"எதுக்கு? டெக்னிக்கல் ப்ராப்ளம்னு போன்ல சொல்லிடு, போறும்."

"சண்டையே போனாலதான் சார்."

ஸ்ரீவத்சன் சிரித்துவிட்டார். "போ, போ. வரும்போது வஞ்சிரம் வாங்கிண்டு வந்து இங்க பிரிக்காதே, அவ்ளோதான்."

காலையில் கடற்காற்றில் உப்பும் டீசலும் கலந்து வந்தது. பங்கஜம் ஒரு கோடியில், செண்பகம் மறுகோடியில். நடுவில் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மீனுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். ஆஃப்ரீன் பங்கஜத்தின் எதிரே தெர்மாகோல் பெட்டியைக் கவிழ்த்து லேப்டாப்பை வைத்தாள்.

"இன்னா, அவ இட்டாந்தாளா உன்ன?"

"இல்லக்கா, நானாதான் வந்தேன். தப்பு நான் பண்ணது. அவங்க எதுவும் பண்ணல."

"நீ பண்ணா அல்லாருக்கும்ல மாறி மாறிப் போவணும்? அவளுக்கு மட்டும் எப்டிம்மா கரெக்டா போவுது?"

நல்ல கேள்வி. ஆஃப்ரீன் கொஞ்சம் யோசித்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்குள்ள நின்னுகிட்டு யாரையாவது 'அடுப்பாண்ட போ'ன்னு சொன்னா எந்த அடுப்புக்குப் போவாங்க?"

"எங்கூட்டு அடுப்புக்கு."

"அடுத்த வீட்டு அடுப்புன்னா?"

"அத்த சொல்லித்தான அனுப்பணும்?"

"நான் சொல்லி அனுப்பல. அந்த வீட்டுக்கு செண்பகம் அக்கா பேர வேற வச்சுட்டேன். அதான் எல்லாரும் அவங்க அடுப்பாண்டயே போய் நின்னுட்டாங்க."

பங்கஜம் ஒரு சங்கரா மீனைத் திருப்பிப் போட்டாள். "நல்லா கத சொல்ற. அப்ப அந்த ஊடு என் ஊடா இருந்தா?"

"செண்பகம் அக்காவுக்கு வர வேண்டியதும் உங்களுக்குத்தான் வரும்."

"காட்டு."

ஆஃப்ரீன் தளத்தின் நகல் ஒன்றைத் திறந்தாள். விற்பனைக்கு வராத, சோதனைக்கான நகல். பழைய தப்பை அப்படியே வைத்துவிட்டு வீட்டை மட்டும் மாற்றினாள். இப்போது ப்ளகினின் பெயர் பங்கஜம், உள்ளே இருப்பது பங்கஜத்தின் எண். செண்பகத்தின் எண் வெளியே, பெரிய தளத்துக்குப் போய்விட்டது. அந்த இணைப்பைச் செண்பகத்தின் போனுக்கு அனுப்பிவிட்டு, வரிசையின் மறுகோடிக்கு நடந்தாள்.

"நான் தொட மாட்டேன்மா. அப்பறம் நாந்தான் இன்னாவோ பண்ணிட்டேம்பா."

"அவங்கதான்க்கா காட்டச் சொன்னாங்க."

செண்பகம் மறுகோடியைப் பார்த்தாள். பங்கஜம் வேண்டுமென்றே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகம் செதில் ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு இணைப்பைத் திறந்தாள். அவள் பெயர், அவள் மீன், அவள் பக்கம். பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

பங்கஜத்தின் இடுப்பில் போன் அலறியது.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பங்கஜம் போனை எடுத்துத் திரையைப் பார்த்தாள். 'செண்பகக்கா' என்றது திரை. முந்தாநாள் அவ்வளவு கத்தியவள் அந்தப் பெயரை மாற்ற மறந்திருந்தாள். அல்லது மாற்றத் தோன்றவில்லை. காதில் வைத்தாள்.

"அலோ."

போன் எடுக்கப்படும் என்று செண்பகம் நினைக்கவில்லை. போனில் கிராக்கிகள் தினமும் கேட்பதுதான் அவள் வாயில் வந்தது:

"சங்கரா கீதா?"

"கீது. உனுக்கு இன்னாத்துக்கு? உன் கூடையிலயே கீதே."

"என் பக்கத்துலதான் அழுத்துனேன். உனுக்கு வருது."

"தெர்யுது."

பிறகு செண்பகம் சொன்னாள்:

"இப்ப நீதான்டி திருடி."

நடுவில் இருந்தவர்களுக்கு அது போன் இல்லாமலே கேட்டது. முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும். பங்கஜம் சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"க்கா."

"இன்னா?"

"இவுனுங்க ரெண்டு பேரும் இன்ஜினுக்கு வெல பேசிகினு கீறானுங்க. நீ போயி சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நீயே சொல்லு. நீதான கத்துன."

"கத்துனேன்தான். அதுக்கு?" பங்கஜம் எழுந்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே படகுகளைப் பார்த்து நடந்தாள். "நீயும் வாயேன். நான் மட்டும் சொன்னா நம்ப மாட்டானுங்க."

"கூடைய யாரு பாக்கறது?"

"அந்தப் பொண்ணு பாக்கும்!"

ஆஃப்ரீன் லேப்டாப்போடு இரண்டு கூடைகளுக்கும் காவலாக நடுவில் போய் உட்கார்ந்தாள். சோதனை நகலை அழித்துவிட்டு, உண்மையான தளத்தில் விட்டுப்போன அந்த ஒரு வார்த்தையை எழுதினாள். செண்பகத்தின் பழைய இணைப்பு செண்பகத்திடமே போகும்படி வழி வைத்தாள். கடைசியாகக் கணினி கேட்டது, ப்ளகினுக்குப் புதுப் பெயர்.

யாரைக் கேட்பது என்று நிமிர்ந்தாள். இருவரும் மணலில் பத்தடி இடைவெளியில், இன்னும் போனில் பேசியபடி நடந்துகொண்டிருந்தார்கள். அவள் கேட்கவில்லை. 'மீன்' என்று தட்டினாள்.

"சங்கரா எவ்ளோம்மா?" என்று யாரோ எதிரே வந்து நின்றார்கள்.

"யார் கூடைல வேணும்?" என்றாள் ஆஃப்ரீன்.