டம்ளருக்கு அடியில் இரண்டு

அந்த டம்ளர் விதியே என்னால் வந்ததுதான். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து, காகிதத்தில் வரைந்த குகைகளுக்குள் வாளோடு திரிவோம். கதையை நடத்துவது அக்கா. அரக்கன், பூட்டு, மழை எல்லாம் அவள் பொறுப்பு. மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். அடி விழுமா விழாதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அக்கா புருஷன், அதாவது என் மாமா, குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவருடைய ஆள் ஒரு கேடய வீரன். எங்கே சண்டை வந்தாலும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதால் அவனுக்குக் 'கதவு' என்று பெயர். மாடி வீட்டுப் பல் டாக்டரம்மா சூனியக்காரி. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் ஆள் 'பூனை', ஒரு திருடன். ஒளிந்திருந்து முதுகில் குத்துவது அவன் தொழில்.

ஒளிவதற்கும் பகடை உருட்ட வேண்டும். பத்துக்கு மேல் விழுந்தால் எதிரி கண்ணில் படமாட்டேன். முன்பெல்லாம் சின்ன எண் விழுந்தால், "நான் எங்க ஒளிஞ்சேன்? சும்மா தூணோரமா நின்னேன்" என்று மழுப்புவேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்கா ஒருநாள் சமையலறையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இனிமே இதுக்குள்ள உருட்டிக் கவுத்து வை. நீ குத்தும்போதுதான் தொறக்கணும். ஒளிஞ்சிருக்கிறவனுக்குத் தன் வாலு வெளிய தெரியுதா இல்லையான்னு எப்படிடா தெரியும்?"

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்றைக்குச் சண்டை ஒரு இரும்பரக்கனோடு. டாக்டரம்மா மந்திரமெல்லாம் தீர்ந்து கல் எறிந்துகொண்டிருந்தார். எனக்கு நாலு உயிர்ப்புள்ளிதான் பாக்கி, ஒரே அடியில் போய்விடுவேன். திட்டம் என்னுடையது. கதவு கோட்டை வாசலில் நின்று அரக்கனை இழுத்துப் பிடிக்க வேண்டும். அவன் முதுகைக் காட்டியதும் தூணுக்குப் பின்னாலிருந்து நான் பாய வேண்டும். மறைவிலிருந்து குத்தினால் மூன்று மடங்கு சேதம், அரக்கன் அதோடு காலி. முடியாது என்று தோன்றினால் கதவு உள்ளே நகர்ந்து வாசலைச் சாத்திக்கொள்ளலாம். வெளியே இருக்கும் நான் நழுவிவிடலாம். சண்டை தோற்கும், ஆனால் எல்லோரும் பிழைப்போம்.

உருட்டினேன், கவிழ்த்தேன். எல்லோரும் குனிந்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு விரலால் டம்ளரின் விளிம்பை நெம்பினேன். கை துறுதுறுத்தது, அவ்வளவுதான். உள்ளே இரண்டு.

இப்போது பாய்ந்தால் அரக்கன் திரும்பி என்னை நசுக்குவான். பாயாவிட்டால் கதவு அடி வாங்கிக்கொண்டே இருப்பான். "மாமா, உள்ள போயிடுங்க" என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே. கேட்டால் விரல் விவகாரம் வெளியே வருமே. இந்தக் கணக்கையெல்லாம் நான் தேநீர் குடித்துக்கொண்டே போட்டேன்.

மாமா என்னைப் பார்த்தார். "நிக்கட்டுமா?"

தலையாட்டினேன். "நில்லுங்க மாமா. கரெக்டான நேரத்துக்காகக் காத்திருக்கேன்."

கதவின் விவரத்தாளை நான்தான் என் கடையில் லேமினேட் பண்ணிக் கொடுத்தேன். மாமா மூன்று வருஷமாக அதில் உயிர்ப்புள்ளிகளை மார்க்கரால் எழுதி, கட்டைவிரலால் அழித்து, திரும்ப எழுதிவந்தார். வீட்டில் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன், கதவாக இருக்கும்போது மேஜையைத் தட்டிச் சவால் விடுவார். செத்த பாத்திரத்தின் தாள் அக்காவின் நீல ஃபைலுக்குள் போய்விடும். கெஞ்சினாலும் திரும்ப வராது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா?

கதவின் உயிர்ப்புள்ளி பதினெட்டு ஒன்பதாயிற்று. "நிக்கட்டுமாடா?" தலையாட்டினேன். அடுத்த அடி அரக்கனுக்குத் தவறும் என்று சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டேன். தவறவில்லை. ஒன்பது இரண்டாயிற்று.

"அண்ணா, உள்ள வந்துடுங்கண்ணா!" என்று டாக்டரம்மா கத்தினார். மாமா என்னையும் டம்ளரையும் பார்த்தார். பிறகு மேஜையை ஒரு தட்டு தட்டி, "கதவு நகராது" என்றார்.

அக்கா உருட்டினாள். "கதவு விழுந்துட்டான்" என்றாள். டாக்டரம்மா வாசலைச் சாத்தினார். பூனை இருட்டில் ஓடிப்போனான். ஓடுவதற்கு மட்டும் யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

சண்டை முடிந்ததும் அக்கா டம்ளரைத் தூக்கினாள். "ரெண்டா! அடப்பாவி, நல்லவேளை நீ குத்தப் போகல. நீயும் சேர்ந்து போயிருப்ப."

"பூனைக்கு மூக்குல வேர்த்திருக்கு" என்றார் டாக்டரம்மா.

மாமா அந்த இரண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

என்னால் உட்கார முடியவில்லை. காகிதத்தில் இருக்கிற ஒருவனைக் காப்பாற்றிக்கொள்ள இவ்வளவு கோழையாக இருந்தேனே என்று உடம்பு கூசியது. பின்னாலேயே போனேன். அவர் குழாயடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் அந்த டம்ளரைத் தூக்கி..."

"தெரியும்." அவர் திரும்பவில்லை. "பக்கத்துலதானடா உக்காந்திருந்தேன். ணங்குன்னு கேட்டுச்சே."

"தெரிஞ்சுமா நின்னீங்க?"

"தெரிஞ்சதாலதான் நின்னேன். எண்ணைப் பாத்துட்டு நில்லுங்கன்னு சொல்றியே, பெருசா விழுந்திருக்கும்னு நெனச்சேன்." குழாயை மூடினார். "இல்லேன்னா மொத அடியிலயே உள்ள போயிருப்பேன்."

கண்ணைத் துடைத்தால் தெரிந்துவிடும் என்று அப்படியே நின்றேன்.

"உங்க அக்காகிட்ட சொல்லாத" என்றார் மாமா. "நீ பாத்தது தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல. நானும் கூட்டுதான்."

கழுவிய கோப்பையை என் கையில் கொடுத்தார். துடைத்தேன். ஹாலிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"டேய், கதவோட தாள் உன் பக்கம் கெடக்கு பாரு. அந்த ஃபைல்ல போட்டுடு."

போனேன். தாளில் கடைசி இரண்டு மட்டும் அழிக்கப்படாமல் இருந்தது. என் கட்டைவிரலால் அழித்துவிட்டு ஃபைலுக்குள் வைத்தேன்.