மேசைக்கு ஒரு சானல்

பினாங்குத் தீவில் போர்ச் செய்தியை ஒரு பக்கமும் சாயாமல் பார்க்கத் தெரிந்தவர்கள் மொத்தம் ஒருவர். அந்த ஒருவர் கோகிலன். இதை அவன் பெருமைக்காகச் சொல்லவில்லை. கெலுகோரில் இதழியல் படிக்கும் இறுதியாண்டு மாணவன் என்ற முறையில், வேறு யாராவது இருக்கிறார்களா என்று நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

தேடிய இடம், ஜார்ஜ்டவுனில் அப்துல் ரஹீம் அண்ணனின் சாப்பாட்டுக் கடை. நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டிய டிவிக்குக் கீழே காலையிலேயே உட்கார்ந்துவிடுவான். மூன்று செய்திச் சானல்கள், ஒரே போர். எந்தச் சானல் யாருடைய சாவுக்குப் பெயரும் படமும் போடுகிறது, யாருடைய சாவை வெறும் எண்ணிக்கையோடு முடித்துக்கொள்கிறது என்று நோட்டில் கட்டம் கட்டி நிரப்புவதுதான் அவனுடைய ஆய்வு.

ஆய்வுக்குப் பெரிய இடைஞ்சல் அப்துல் ரஹீம் அண்ணன்தான். ரிமோட் அவர் சட்டைப் பையில் இருந்தது. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்தால் ஒன்றாம் சானல். பள்ளிவாசலிலிருந்து வருகிறவர்கள் உட்கார்ந்தால் இரண்டாம் சானல். கல்லூரிப் பிள்ளைகள் என்றால் மூன்றாவது. கடையில் சமைக்கும் ரமணி அக்கா சமையற்கட்டிலிருந்து தலைகாட்டினாலோ, உலகத்தில் போரே கிடையாது. மலாய்ச் சமையல் நிகழ்ச்சி.

"அண்ணே, குழம்பு ஊத்துற மாதிரி செய்தி ஊத்துறீங்க. ஆளுக்குத் தக்க காரம்."

"பின்னே? எல்லாருக்கும் ஒரே காரம் வெச்சா கடை நடக்குமா?"

"மத்தவங்க கஸ்டமர், சரி. ரமணி அக்காகிட்ட எதுக்கு மறைக்கிறீங்க? அவங்க வீட்டுக்காரர்தானே அந்தக் கடல்ல இருக்காரு? தெரிஞ்சுக்க வேண்டியதே அவங்கதான். ஒரு வரிய மறைச்சாலும் அது பொய்தாண்ணே. பெரிய பெரிய சானல்காரன் செய்றதும் நீங்க செய்றதும் ஒண்ணுதான்."

தன்னை உலக ஊடகங்களோடு சேர்த்துப் பேசியது அண்ணனுக்குப் பிடித்திருந்தது போல. "டீ ஆறுது, குடி," என்று மட்டும் சொன்னார்.

ரமணி அக்காவின் கணவர் குணாளன் சரக்குக் கப்பலில், இயந்திர அறையில் வேலை. போர் நடக்கும் கரையை ஒட்டிய நீரிணையை அந்த வாரம் அவர் கப்பல் கடக்க வேண்டும். நாள் தவறாமல் மதியம் போனில் குரல்பதிவு அனுப்புகிற மனிதர், நேற்று அனுப்பவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிய அண்ணன் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, ரிமோட்டைக் கோகிலன் கையில் வைத்தார்.

"ஒரு மணி நேரம்தான். போரை நீ பாத்துக்க."

பத்தே நிமிடத்தில் போர் தன் வேலையைக் காட்டியது. நீரிணையில் ஒரு சரக்குக் கப்பல் தாக்கப்பட்டது, ஐந்து மாலுமிகளைக் காணவில்லை என்றது ஒன்றாம் சானல். எல்லாரும் மீட்கப்பட்டார்கள் என்றது இரண்டாவது. அப்படி ஒரு தாக்குதலே நடக்கவில்லை என்றது மூன்றாவது. கப்பலின் பெயரை மூன்றும் சொல்லவில்லை. ஆய்வுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. கோகிலன் நோட்டைத் திறக்கக்கூட இல்லை. ஒன்றாம் சானலுக்கே திரும்பிப் போய், ஐந்து பேர், ஐந்து பேர் என்று ஓடிய வரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சமையற்கட்டுக் கதவு கிறீச்சிட்டது. டிவியில் யாரோ முட்டை அடிக்கத் தொடங்கினார்கள்.

சாப்பாட்டுத் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள் ரமணி அக்கா. "என்ன தம்பி, கேக் செய்யப் போறியா?"

"ஆய்வுக்கா. இந்த ஒரு சானல்தான் ரெண்டு பக்கமும் வேகவெச்சுக் காட்டுது."

அவள் சிரித்தாள். போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, பார்த்து, திருப்பி வைத்தாள். "நேத்துலருந்து சத்தமே இல்லப்பா. செய்தியில எதாச்சும் சொன்னாங்களா?"

மூன்று வருடப் படிப்பு தொண்டை வரை வந்து நின்றது. "ஒண்ணும் இல்லக்கா. லைன் கெடைக்காத எடமா இருக்கும்."

"அப்படித்தான் இருக்கும்," என்று தன் மீன் துண்டைப் பிட்டுப் பாதியை ஒரு தட்டில் அவனுக்கு வைத்தாள். ஒரு வாய் வைத்ததும் மீதியை ஓரமாக ஒதுக்கினான். முள் என்று சொல்லிச் சமாளித்தான்.

ஒன்றே முக்காலுக்குப் போன் துடித்தது. குணாளனின் குரல்பதிவு: "ரமணி, நாங்க இன்னும் துறைமுகத்துலயேதான் நிக்கிறோம். முன்னாடி போன கப்பல்ல அடி விழுந்துருச்சாம். எங்களுக்கு ஒண்ணுமில்ல. நீ சாப்டியா?"

அக்கா அதை மூன்று முறை போட்டுக் கேட்டாள். "சாப்டியாவாம்! மனுசியப் பாதி உசுரா ஆக்கிட்டு, கேக்கற கேள்வியப் பாரு!" என்று திட்டிக்கொண்டே முகத்தைத் துடைத்தாள். கோகிலனும் தன் முகத்தைத் துடைத்தான், அவனுக்குக் காரமாம்.

பிறகு அவள் நிமிர்ந்தாள். "முன்னாடி போன கப்பல்ல உள்ளவங்க என்னானாங்க தம்பி? அவங்க வீட்லயும் இப்படித்தானே போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க? செய்தியப் போடு."

கோகிலன் ரிமோட்டை எடுத்தான். ஒன்றாம் சானலில் நிற்காமல் இரண்டாவதற்குப் போனான். எல்லா மாலுமிகளும் மீட்கப்பட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாடா," என்றாள் ரமணி அக்கா. "மத்த சானல்லயும் இதேதானா?"

"இதேதான்க்கா."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையற்கட்டு வரை கேட்கட்டும் என்று கோகிலன் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டி வைத்தான்.