ஒன்பதாவது வேட்டு

மலைப் பைத்தியம் என் கணவர் ராமானுஜத்துக்குத்தான். எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவர் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி. 2003 டிசம்பர் விடுமுறையில், செங்கல்பட்டுப் பக்கத்துக் குன்றுகளை மூன்று நாள் நடந்தே கடந்து, கடைசியில் மாமல்லபுரம் கடலில் குளிப்பதாகத் திட்டம் போட்டார். அதை டைப் அடித்து லேமினேட் வேறு செய்துகொண்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று தலை எண்ணுவார். "ஒண்ணு, ரெண்டு, மூணு." மூன்று பேரை எண்ணுவதற்கு ஓர் அதிகாரி!

மூன்றாவது தலை எங்கள் மகள் அனு, பிளஸ் டூ. அவளுக்கும் எனக்கும் முதல் நாளே முட்டிக்கொண்டது. தொப்பி போடு என்றால் கழற்றுவாள். மெதுவாகப் போ என்றால் ஓடுவாள். நானும் சொல்வதை நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் அமாவாசை. காலையில் ஒரு சுனை ஓரமாக அவர் தர்ப்பணம் செய்தார். எள்ளைப் பிலிம் டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தார். நண்பகலுக்குக் கடைசிக் குன்றின் உச்சியைத் தொட்டோம். தூரத்தில் கடல் கோடாகத் தெரிந்தது. குன்றின் மறுபாதியைக் கல்குவாரி தின்றிருந்தது. சுற்றி இறங்கினால் இரண்டு மணி நேரம், குவாரி வழியாக இருபது நிமிடம்.

"இன்னிக்கு அமாவாசை. கல்லு வேலை பண்றவா உளியைத் தொடமாட்டா. யோசிச்சுத்தான் கடைசி நாளை இங்க வச்சேன்," என்றார்.

குவாரியில் ஈ காக்கை இல்லை. இயந்திரச் சத்தமும் இல்லை. தாம் சொன்னது பலித்துவிட்ட பெருமை அவர் முகத்தில். "மெதுவா" என்று நான் வாயெடுப்பதற்குள் அனு பாதித் தூரம் இறங்கிவிட்டாள்.

எனக்குத்தான் என்னவோ சரியாகப் படவில்லை. கீழே பாறையில் வரிசையாகத் துளைகள் போட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்திருந்தார்கள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. லீவு விட்ட இடத்தில் ஈர மண் ஏது? துளைகளிலிருந்து திரிகள் தொங்கின. திரிகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"யோவ்! இன்னாயா அங்க நின்னுகினு கீறீங்க! திரி வச்சாச்சு!" பக்கத்துப் பாறைக்குப் பின்னாலிருந்து லுங்கி கட்டிய ஒருவர் பாய்ந்து வந்தார். கையில் சிவப்புத் துணி. எல்லப்பன் என்று பெயர், பிறகு தெரிந்துகொண்டோம்.

"என் பொண்ணு கீழ இருக்கா!" என்று அலறினேன்.

எல்லப்பன் எட்டிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "பாப்பா! மேல ஓடியாராத! அந்த லாரிக்கு அடில பூந்துக்கோ! பூந்துக்கோ!"

டயர் இல்லாத பழைய லாரி ஒன்று கீழே கிடந்தது. அனு அதன் அடியில் நுழைவதைப் பார்த்தேன். அதற்குள் எல்லப்பன் எங்கள் இருவரையும் பாறைக்குப் பின்னால் இழுத்துத் தள்ளினார்.

முதல் வேட்டில் என் பற்கள் ஆடின. எல்லப்பன் ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கினார். ரெண்டு. மூணு. லாரித் தகரத்தின் மேல் கல் விழுவது கேட்டது. எட்டு வரை வந்து நின்றது. நான் எழுந்தேன்.

"குந்தும்மா! ஒம்போது குழி. இன்னும் ஒண்ணு கீது. எண்ணிக்கை ஆவாம எவனும் வெளிய வரக் கூடாது."

அனுவுக்கு அது தெரியாது. தூசு அடங்கியதும் லாரிக்கடியிலிருந்து அவள் தலை வெளியே வந்தது.

"வராதே! உள்ளயே இரு!" தொண்டை கிழியக் கத்தினேன். என் கணவரும் கத்தினார். எல்லப்பன் விசில் ஊதினார். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுற்றுமுற்றும் விழித்தாள். காது அடைத்துப் போயிருந்தது. கேட்டிருந்தாலும் என் பேச்சை எப்போது கேட்டாள்?

எல்லப்பன் பிடித்த கையை உதறிவிட்டுப் பாறையைத் தாண்டி விளிம்புக்கு ஓடினேன். அவள் என்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நிமிர்ந்தாள். பார்த்தாள். நான் இரண்டு கைகளையும் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டினேன். உள்ளே போ. போடி, என் கண்ணே, இந்த ஒரு தடவை.

ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

எல்லப்பன் என் புடவையைப் பிடித்துப் பின்னால் சாய்த்ததுதான் தெரியும். ஒன்பதாவது வெடித்தது.

"ஒம்போது," என்று கடைசி விரலை மடக்கினார். "ரோட்டாண்ட ஆள் நிறுத்தி வச்சிருக்கோம் சார். மலை மேலேர்ந்து எவன் வருவான்?"

"இன்னிக்கு அமாவாசை ஆச்சேப்பா," என்றார் இவர், குரலே இல்லாமல்.

"நேத்து மத்தியானமே அமாவாசை பூந்துச்சு. எங்களுக்கு நேத்தே லீவு வுட்டாங்க சார்."

வேறு நாளாக இருந்தால் என் கணவரை நான் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு விளிம்புக்குப் போய், அனுவை மேலே வரச் சொல்லிக் கை காட்டினேன்.

அனு மாவில் புரட்டி எடுத்த மாதிரி வெள்ளையாக ஏறி வந்தாள். முழங்கை மட்டும் சிராய்த்திருந்தது. ஓர் அறை விட்டேன். அப்புறம் விடவே இல்லை. பஸ் ஸ்டாப் வரை அவள் கை என் பிடியில்தான் இருந்தது. அவளும் உதறவில்லை.

மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறியதும் பழக்கதோஷத்தில் அவர் தலை எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு, ரெண்டு..." அனுவின் தலைமேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார். அடுத்த எண் வரவில்லை.

"மூணு," என்று நான் சொன்னேன்.